ஓதற் பிரிவும் சத்திய சோதனையும்

தலைவன் தலைவியைப் பிரிந்து செல்லும் காரணங்களை எண்ணப் புகுந்த தொல்காப்பியர், அகத்திணையியலில் ஓதல், பகை, தூது என்னும் மூன்றனை எடுத்துக் கூறுகிறார். போருக்குப் போவதும் தூது போவதும் பிரிவு என்பது எவர்க்கும் எளிதில் விளங்கும். கல்வி கற்கப் போவதையும் அவற்றுக்கு நிகராக வைத்து எண்ணியதுதான் வியப்புக்குரியது. அத்துடன் அமையாது, கற்பியலில் அதற்குக் கால எல்லையும் வகுத்தார். கல்வியின்பொருட்டுப் பிரிந்தவன் மூன்றாண்டைக் கடந்து தங்குதல் ஆகாது. வேந்தனுக்குரிய தொழிலின்பொருட்டுப் பிரிந்தவனுக்கோ எல்லை ஓராண்டுதான். (மத்திய அரசுப் பணியேற்று, இத்தலைநகரில் இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தும் நம்மனோர் இச்சூத்திரத்தைப் படித்துவிட்டுச் சிரிக்காதிருத்தல் இயலாது.)

இலக்கணம் இவ்வாறிருப்ப, இலக்கியத்தைப் புரட்டுவோர்க்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. சங்கப் பாலைப் பாட்டுகளிற் பெரும்பாலன பொருள்வயிற் பிரிவையே பாடுகின்றன. கற்கச் சென்றவனுடைய குரலை நாம் கேட்பது மிக அரிது. பொருள் தேடிச் சென்றவன் பேசும் பாடல்களிலும், அவன் தலைவியின் நெற்றியையும் கண்ணையும் எண்ணித் தன் நெஞ்சோடு பேசுகிறானேயன்றி, சென்றவிடத்தில் என்ன உண்டான், எவரிடம் எதற்கு நாணினான் என்று உரைப்பதில்லை. மொழி வேறாகிய நாட்டைக் கடந்து சென்றான் என்று புலவர் பாடுவர். அந்நாட்டுக் கடைத்தெருவில் அவன் எப்படி வாய் திறந்தான் என்பதைப் பாடார். இதனைக் குறையென்று கூறவில்லை. பெயர் சுட்டாது பொதுமையிற் பாடும் அக மரபில் அதற்கு இடமில்லை. பட்டினப்பாலைத் தலைவனோ, காவிரிப்பூம்பட்டினமே கைக்கு வருவதாயினும் பிரியேன் என்று நெஞ்சுக்குச் சொல்லிவிட்டு வீட்டிலேயே தங்கிவிடுகிறான்.

நம் மரபு பாடாது விட்ட அந்த ஓதற் பிரிவை நான் உரைநடையிற் கண்டேன். காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’யில், லண்டன் வாழ்வைக் கூறும் அதிகாரங்களே அவை. குஜராத்தியில் ‘நவஜீவன்’ வார ஏட்டில் 1925 முதல் 1929 வரை தொடராக வெளிவந்த அந்நூலை நாம் பெரும்பாலும் வாய்மையின் நூலாகவும் விரத நூலாகவுமே படித்துப் பழகியிருக்கிறோம். பள்ளிப் பாடங்களிலும் அவ்வாறே கற்பித்தனர். அவ்வாறு படிப்பது தவறன்று. ஆனால் லண்டன் அதிகாரங்களை மட்டும் தனியே எடுத்து, அவற்றை ஓர் இளைஞனின் ஊர் ஏக்கத்தைப் பற்றிய இலக்கியமாகப் படித்தால், விரதத்தின் பின்னால் மறைந்திருக்கும் வேறொரு மனிதர் தென்படுகிறார். நம் சங்கத்துக் குடும்பங்களிலிருந்து செவிலியர் பயிற்சிக்கும் பொறியியற் கல்விக்கும் கப்பற் பணிக்கும் பிள்ளைகள் கடல் கடந்து சென்றுகொண்டிருக்கும் இக்காலத்தில், அம்மனிதரை அறிமுகம் செய்துகொள்வது பயனுடையதென எண்ணுகிறேன்.

மோகன்தாஸ் 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயிற் கப்பலேறினார். பத்தொன்பது வயது நிரம்பவில்லை. பாரிஸ்டர் தொழிலுக்குப் பயில்வது நோக்கம். கடல் கடந்தால் சாதி விலக்கு என்று சாதித் தலைவர்கள் விதித்ததையும் மீறிச் சென்றார். மது, மாமிசம், மாது ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்று தாயின் முன்னிலையில் ஒரு சமணத் துறவி சபதம் செய்வித்திருந்தார். இளம் மனைவியும் சில மாதக் குழந்தையும் ஊரில் இருந்தனர். கடற்பயணம் மகளிரோடு இல்லை என்று பொருள்படும் தொல்காப்பியச் சூத்திரத்துக்கு உரையாசிரியர்கள் வேறுவேறு பொருள் உரைப்பர். கஸ்தூரிபாயின் வாழ்வில் அது எளிய பொருளிலேயே நிகழ்ந்தது. 1891 ஜூன் 12ஆம் நாள் லண்டனிலிருந்து ஊருக்குப் புறப்பட்டார். இடைப்பட்ட காலம் மூன்றாண்டுக்குச் சற்றுக் குறைவு. தொல்காப்பியர் வகுத்த எல்லைக்குள் அடங்கிய பிரிவு!

லண்டன் சென்ற தொடக்க நாட்களின் இரவுகளை ஆசிரியர் எழுதியிருக்கும் முறையை முதலிற் கவனித்தல் வேண்டும். தாயின் அன்பு ஓயாது நினைவுக்கு வந்தது, இரவில் கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, வீட்டு நினைவுகளால் உறக்கம் இல்லை, அத்துயரை எவரோடும் பகிர்ந்துகொள்ள வழியில்லை, பகிர்ந்தாலும் பயனில்லை என்று சில வாக்கியங்களிற் சொல்லி முடிக்கிறார். மக்கள் புதியவர், பழக்கங்கள் புதியன, வீடுகளும் புதியன, எதைச் செய்தால் பிழையாகுமோ என்ற அச்சம் எந்நேரமும் உண்டு. இருக்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியாது. வந்தாயிற்று, மூன்றாண்டை முடித்தே தீரவேண்டும் என்று உள்ளம் கூறியதாம். இதை எழுதும்போது அவர் ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர், நாடே பின்செல்லும் தலைவர். அந்நிலையில் இருந்துகொண்டு, பதினெட்டு வயது இளைஞன் அழுததைச் சிறுமையென்று அவர் ஒதுக்கவில்லை, பெருமையாக்கவும் இல்லை. அழுதேன் என்று மட்டும் எழுதினார். ‘ஆண்பிள்ளை அழலாமா’ என்று கடிதம் எழுதும் தந்தையர் இப்பகுதியை ஒருமுறை படிக்கலாம்.

கண்ணீரைச் சுருக்கமாகச் சொன்னவர் பசியை விரிவாகச் சொல்கிறார். இந்த அதிகாரங்களின் இலக்கியச் சிறப்பே இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ரிச்மண்டில் ஒரு நண்பரோடு ஒரு திங்கள் தங்குகிறார். காலையில் ஓட்ஸ் கஞ்சி வயிற்றை நிரப்பும். பகலிலும் இரவிலும் கீரையும் ரொட்டியும் பழப்பாகும். அவரோ நன்றாக உண்ணும் பழக்கமுடையவர். இரண்டு மூன்று துண்டுக்கு மேல் ரொட்டி கேட்க நாணம். பின்பு வெஸ்ட் கென்சிங்டனில் ஒரு விதவைப் பெண்மணியின் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். அவ்வம்மையாரின் இரு பெண்கள் இன்னும் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளும்படி வற்புறுத்துவார்கள். முழு ரொட்டியே வேண்டியிருந்ததை அவர்கள் அறியார் என்று குறும்பு தோன்ற எழுதுகிறார். ஊர் ஏக்கம் என்பதை நாம் மனத்தின் நோயென்று மட்டும் எண்ணுகிறோம். அது வயிற்றிலும் நாவிலும் தொடங்குகிறது. இன்னொரு துண்டு கேட்கத் தெரியாத வாயே அயலூரில் இருப்பதன் முதல் அடையாளம். ஊரில் இருந்தவரை, கேளாமலே இலையில் விழுந்துகொண்டிருந்ததல்லவா?

இவ்விடத்தில் அவர் செய்த காரியம் எண்ணத்தக்கது. சைவ உணவு விடுதிகள் லண்டனில் உண்டென்று வீட்டுக்கார அம்மையார் சொல்லக் கேட்டு, நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடலானார். மலிவான விடுதிகளில் ரொட்டியை வயிறு நிறைய உண்டும் மனம் நிறையாமல் திரிந்தார். கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் அத்தகைய விடுதியொன்று கண்ணிற் பட்டது. விரும்பிய பொருள் கிடைத்த குழந்தையின் மகிழ்ச்சி என்று அந்த நொடியைக் கூறுகிறார். வாயிலருகே கண்ணாடிப் பலகணியில் ஹென்றி சால்ட் எழுதிய சைவ உணவு பற்றிய நூல் விற்பனைக்கு இருந்தது. ஒரு ஷில்லிங் கொடுத்து அதை வாங்கிக்கொண்டே உண்ணச் சென்றார். இங்கிலாந்துக்கு வந்த பிறகு முதன்முதலாக வயிறார உண்ட உணவு அதுவே.

பெரும்பாலான திறனாய்வாளர் இந்நிகழ்ச்சியில் அந்த நூலையே பெரிதாக எடுத்துப் பேசுவர். சைவ உணவு அதுவரை தாய்க்குச் செய்த சபதமாக இருந்தது, அந்நூலைப் படித்த பின்பே தன் விருப்பமாயிற்று என்பர். அவரே அவ்வாறுதான் சொல்கிறார். எனினும் எனக்கு அந்த நடையே பெரிதாகத் தோன்றுகிறது. வீட்டு நினைவை மறந்துவிடு என்று எவரேனும் கூறியிருந்தால் அவரால் மறந்திருக்க இயலாது. அந்நினைவுக்கு அவர் ஒரு வேலை கொடுத்தார். தேடுவதற்கு ஒன்று கிடைத்ததும், அறையில் அமர்ந்து அழுத இளைஞன் தெருவுக்கு வந்தான். தேடிக் கண்ட விடுதியின் வழியாக மனிதர்கள் வந்தார்கள். பின்பு பேய்ஸ்வாட்டர் பகுதியில் சைவ உணவினர் சங்கம் ஒன்றைத் தொடங்கும் அளவுக்கு நட்பு வளர்ந்தது. டாக்டர் ஓல்ட்ஃபீல்டைத் தலைவராகவும், எட்வின் ஆர்னால்டைத் துணைத்தலைவராகவும், தம்மைச் செயலாளராகவும் அமைத்துக்கொண்டாராம். சங்கம் சில மாதங்களே நடந்தது. சங்கம் நடத்துவதன் தொல்லை அறிந்த நம் வாசகர்கள் இதற்கு வியப்படையார்.

இடையில் வந்தது ‘கனவான்’ ஆகும் முயற்சி. பத்தொன்பது ஷில்லிங்கில் உயரத் தொப்பி, பாண்டு தெருவில் பத்துப் பவுனில் மாலை உடை, தமையனாரிடம் சொல்லி வரவழைத்த இரட்டைவடப் பொன் சங்கிலி, நடனப் பயிற்சிக்கு மூன்று பவுன், வயலினுக்கு மூன்று பவுன், பேச்சுப் பயிற்சிக்கு ஒரு கினி என்று கணக்கோடு எழுதியிருக்கும் இப்பகுதியைப் போன்ற நகைச்சுவை நம்மவர் தன்வரலாறுகளில் அரிது. இதனை இளமையின் ஆடம்பரம் என்று தள்ளிவிடலாகாது. சைவ உணவால் மற்றவர்க்குப் பொருந்தாதவனாகிவிட்ட தன்மையை, உடையாலும் நடையாலும் ஈடு செய்யும் எண்ணமே தம்மை அதில் இறக்கியதென்று ஆசிரியரே காரணம் கூறுகிறார். ஆகவே இதுவும் ஊர் ஏக்கத்துக்கு மருந்தாக எடுத்துக்கொண்டதே. ஏறத்தாழ மூன்று மாதத்தில் அம்மயக்கம் தெளிந்தது. உடையில் கவனம் மட்டும் சில ஆண்டுகள் நீடித்ததாம்.

பின்பு செலவைக் காசளவும் எழுதிக் கணக்கிட்டதும், வாரம் எட்டு ஷில்லிங்கில் ஒற்றை அறை எடுத்ததும், காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் தாமே காய்ச்சியதும், நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் உணவை முடித்ததும் யாவரும் அறிந்தவை. ஊரிலிருந்து வரவழைத்த இனிப்பையும் மசாலாவையும் நிறுத்திவிட்டார். முன்பு ரிச்மண்டில் சப்பென்றிருந்த வெந்த கீரை இப்போது சுவைத்தது. சுவைக்கு உறைவிடம் நாவன்று, மனமே என்பது அவர் முடிபு. இவ்விடத்தில் மட்டும் நான் அவரோடு உடன்படத் தயங்குகிறேன். அவர்க்கு அது உண்மையாயிருக்கலாம். விமான நிலையத்தில் பருப்புப் பொடியையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் எடை பார்த்துப் பார்த்துப் பெட்டியில் அடுக்கும் தாயின் கையை, ‘மனத்தில் இருக்கிறது சுவை’ என்று சொல்லித் தடுக்க எனக்கு மனம் வராது.

ஊறுகாயைப் பற்றிப் பேசும்போது இன்னொருவரை நினையாதிருக்க முடியவில்லை. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தாவாக இருந்த சீனிவாச ராமானுஜன் 1914 மார்ச்சில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். நம் இனத்தவர், நம் தொழிலினர். அவர் தொழிற் பயிற்சிக்குச் செல்லவில்லை, கணித ஆராய்ச்சிக்குச் சென்றார் என்ற வேறுபாடு உண்டு. ஆயினும் டிரினிட்டிக் கல்லூரி அறையில் தாமே சமைத்து உண்டதும், சென்னையிலிருந்து சாமான்கள் வரவழைத்ததும், போர்க்கால இங்கிலாந்தில் காய்கறிக்கும் பாலுக்கும் பட்ட பாடும் அதே ஓதற் பிரிவின் பகுதிகளே. குளிரில் உறங்க முடியாமல் துன்புற்ற அவரை மகாலனோபிஸ் ஒருநாள் காணச் சென்றார். கட்டிலில் செருகி வைத்திருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரிந்திருக்கவில்லை. மேலேயே படுத்து, மேல்கோட்டையும் சால்வையையும் போர்த்திக்கொண்டிருந்தார். மகாலனோபிஸ் கம்பளியை விலக்கிக் காட்டினார். சத்திய சோதனையில் இதற்கு இணையான ஒரு காட்சி உண்டு. வந்திறங்கிய அன்று டாக்டர் மேத்தாவின் பட்டுத் தொப்பியை மோகன்தாஸ் எடுத்து எதிர்ப்புறமாகத் தடவ, பிறர் பொருளைத் தொடலாகாது என்பதில் தொடங்கி அந்நாட்டு மரியாதைகளை மேத்தா சொல்லிக் கொடுத்தார். இவை சின்னஞ்சிறு செய்திகள்தாம். ஆயினும் ஒருவர் அருகிருந்து இதைச் சொல்வதற்கும் சொல்லாததற்கும் இடையே எத்தனையோ இரவுகளின் உறக்கம் அடங்கியிருக்கிறது.

இருவர்க்கும் வேறுபாடு எங்கே? மோகன்தாஸின் உணவு அவரைப் பலரிடம் கொண்டு சேர்த்தது. ராமானுஜனுக்கு அவருடைய சமையல் பெரும்பாலும் தனியறைக்குள்ளேயே அமைந்தது. சட்ட மாணவர்க்கு அக்காலத்தில் வேறொரு வசதியும் இருந்தது. பாரிஸ்டர் பயிற்சியில் தேர்வைப் போலவே விருந்தும் கட்டாயம். மொத்தம் பன்னிரண்டு பருவங்கள், பருவத்துக்கு ஏறத்தாழ இருபத்துநான்கு விருந்துகள், அவற்றுள் ஆறிலேனும் சென்று அமர்தல் வேண்டும். நால்வருக்கு இரண்டு புட்டி மது வழங்குவர். குடியாத மோகன்தாஸைத் தம் குழுவிற் சேர்த்துக்கொள்ளப் போட்டி இருந்ததாம். ரொட்டியும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசுமாக அமர்ந்திருந்த அவர் அவ்விருந்துகளால் சட்டம் ஏதும் கற்றதாகக் கூறவில்லை. அம்முறையை எள்ளுகிறார் என்றே சொல்ல வேண்டும். ஊர் ஏக்கமுடைய மாணவனை அறையிலிருந்து இழுத்து வந்து நால்வரோடு உட்கார வைக்கும் விதி முழுதும் வீணானதன்று என்பது என் எண்ணம். ராமானுஜனுக்கு அப்படி ஒரு கட்டாயம் இருந்திருந்தாலும், அந்த உணவு மேசையில் அவர் அமர்ந்திருப்பாரா என்பது வேறு கேள்வி.

ராமானுஜனைப் பற்றி நாம் அறிவன பிறர் சொல்லி அறிந்தவையே. முதலில் ஒழுங்காக வந்த கடிதங்கள் பின்னர்க் குறைந்தன. அவருக்கும் ஜானகி அம்மாளுக்கும் இடையே சென்ற கடிதங்களை மாமியார் தடுத்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. 1919இல் நோயோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் மறைந்தார். தம் இரவுகளைப் பற்றித் தாமே எழுத அவருக்கு வயது கிட்டவில்லை.

இனி, சத்திய சோதனையின் குறையையும் கூறியாக வேண்டும். லண்டன் அதிகாரங்களில் தாய் இருக்கிறார், தமையனார் இருக்கிறார். கஸ்தூரிபாய் ஏறத்தாழ இல்லை. அவர் நினைவு வருமிடம், இந்திய மாணவர் பலரைப் போலத் தாமும் மணமாகாதவர்போல் நடந்துகொண்டதை ஒப்புக்கொள்ளும் அதிகாரமே. அதுவும் பொய்யைப் பற்றிய அதிகாரம், மனைவியைப் பற்றியதன்று. பிரைட்டனில் அறிமுகமான மூதாட்டிக்கு உண்மையை எழுதி அனுப்பிய கடிதத்தை விரிவாகக் கூறுபவர், ராஜ்கோட்டில் கைக்குழந்தையோடு காத்திருந்த பெண்ணுக்கு அம்மூன்றாண்டு எவ்வாறு கழிந்தது என்று ஒரு வரி எழுதவில்லை. நம் அகப்புலவர்கள் இந்தத் தவற்றைச் செய்யார். அவர்கள் பிரிந்தவனைப் பாதி மறந்தாலும் பிரியப்பட்டவளை மறந்ததில்லை. சுவரில் நாட்குறித்து எண்ணும் தலைவியைத் தமிழ் மாணவர் எவரும் அறிவர். ஆகவே, ஓதற் பிரிவின் ஒரு பாதியைச் சங்க இலக்கியத்தின் முறையிலும் மறு பாதியைச் சத்திய சோதனையிலும் வைத்துப் படித்தால்தான் முழுச் செய்தியும் கிடைக்கும்.

காலம் செல்லச் செல்ல லண்டனே ஊராகிவிட்டது. திரும்பியபின் ‘வெஜிடேரியன்’ என்னும் லண்டன் ஏட்டில் எழுதிய பயணக் கட்டுரையில், அந்நகரைப் பிரிய வருந்தியதாகவே குறிப்பிடுகிறார். வேறொரு காரியமும் செய்தார். இங்கிலாந்துக்குக் கற்கச் செல்லும் இந்தியர்க்கு ஒரு வழிகாட்டி எழுதினார். என்ன உடை கொண்டுபோக வேண்டும், என்ன விலை, வாரம் ஒரு பவுனில் எவ்வாறு வாழலாம் என்றெல்லாம் நுணுக்கமாகச் சொல்லும் அக்கையெழுத்துப்படி அவர் வாழ்நாளில் நூலாகவில்லை. தனக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லாதவற்றை அடுத்தவனுக்குச் சொல்லிவிட வேண்டும் என்ற பரபரப்பு அதன் பட்டியல்களில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இப்பிரிவின் மிகக் கொடிய செய்தி லண்டன் அதிகாரங்களுக்குள் இல்லை. அடுத்த பாகத்தின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. தாயைக் காணும் ஆவலோடு பம்பாயில் இறங்குகிறார். வரவேற்க வந்த தமையனார் அப்போதுதான் சொல்கிறார், தாய் மறைந்துவிட்டார் என்று. அவர் இங்கிலாந்தில் இருக்கும்போதே நிகழ்ந்த மரணம். வேற்று நாட்டில் தனியே இருப்பவனுக்கு அந்த இடி வேண்டாமென்று மறைத்துவிட்டார்கள். நாள்தோறும் கைப்பேசித் திரையில் முகம் பார்க்கும் இக்காலத்திலும் நம் வீடுகளில் இது நின்றபாடில்லை. பாட்டியின் அறுவை சிகிச்சையை ‘தேர்வு முடியட்டும்’ என்று மறைக்கிறோம். அங்கிருக்கும் பிள்ளையும் காய்ச்சலை மறைத்துவிட்டு, நன்றாக இருக்கிறேன் என்கிறது. தமையனாரின் அன்பை எவரும் ஐயுற முடியாது. ஆனால் அம்மறைப்பு என்ன செய்தது என்பதை நூலே காட்டுகிறது. உயிரோடிருந்த தாயை நினைத்து லண்டனில் இரவெல்லாம் அழுதவர், தாய் இல்லை என்று கேட்டபோது கண்ணீரை அடக்கிக்கொள்ள முடிந்தது என்றும், ஒன்றும் நிகழாததுபோல் வாழ்க்கையைத் தொடர்ந்தேன் என்றும் எழுதுகிறார். தந்தையின் மறைவைவிட இது பெரிய துயரம் என்கிறார். அத்துயரத்துக்கு அவர் ஒதுக்கியது ஒரு சிறு பத்தியே. அடுத்த பத்தியில், டாக்டர் மேத்தா பம்பாயில் தமக்கு யார் யாரை அறிமுகம் செய்து வைத்தார் என்று தொடங்கிவிடுகிறார்.